"விட்டுடுங்க" என்பதற்கு மேல் குடும்ப டாக்டரால் என்ன செய்ய முடியும்?

அப்பாவின் சிகரெட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். குடும்ப டாக்டர் "விட்டுடுங்க" என்பதோடு முடித்துக்கொள்கிறார் என்கிறீர்கள். அவரால் இன்னும் நிறையச் செய்ய முடியும். பெரும்பாலானோருக்குத் தெருமுனை எம்.பி.பி.எஸ். டாக்டரே போதும்.

அவர் முதலில் கேட்க வேண்டியது: "காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்?" அரை மணிக்குள் என்றால் நிகோடின் சூயிங்கம் 4 மி.கி., அதற்குப் பிறகு என்றால் 2 மி.கி. அடுத்து, இரண்டு வாரத்துக்குள் சிகரெட்டை நிறுத்த ஒரு தேதி குறித்து மருந்துச் சீட்டிலேயே எழுத வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது சூயிங்கத்தில்தான். மெதுவாக மென்று, மிளகு கடித்த மாதிரி நாக்கு சுறுசுறுவென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். வெற்றிலையை ஒதுக்குவது போலத்தான். காரம் அடங்கியதும் மறுபடி மென்று, வேறு பக்கம் ஒதுக்க வேண்டும். ஒரு துண்டுக்கு அரை மணி நேரம். நிகோடின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ரத்தத்தில் சேரும். சவைத்து எச்சிலை விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காபி குடித்துக் கால் மணிக்குள் போட்டாலும் வாயின் புளிப்பால் சரியாக ஏறாது. முதல் 6 வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு துண்டு; பிறகு இடைவெளியைக் கூட்டி 12 வாரத்தில் நிறுத்தலாம். நாளுக்கு இரண்டே துண்டு போட்டுவிட்டு "கேக்கல டாக்டர்" என்பவர்கள்தான் அதிகம்.

"நிகோடினை நிகோடினால் நிறுத்துவதா?" என்று சண்டைக்கு வருவார்கள். அடிமையாக்குவது நிகோடின், உண்மைதான். ஆனால் புற்றுநோயைக் கொண்டுவருவது புகையிலுள்ள தாரும் மற்ற நச்சுகளும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், கர்ப்பிணி என்றால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

மாத்திரை என்றால் வரெனிக்லின். குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்பே 0.5 மி.கி.யில் தொடங்கி, எட்டாம் நாளிலிருந்து 1 மி.கி. இரண்டு வேளை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். புகையை நிறுத்தக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான புப்ரோப்பியான் வலிப்பு உள்ளவருக்குக் கூடவே கூடாது.

டாக்டர்களே மறப்பது ஒன்று உண்டு. மூச்சிளைப்புக்குத் தியோஃபிலின் சாப்பிடுபவர் புகையை நிறுத்தினால், ஈரல் அந்த மருந்தை முன்போல் வேகமாகக் கழிக்காது. ரத்தத்தில் அளவு ஏறிப் படபடப்பும் வாந்தியும் வரும். டோஸைக் குறைக்க வேண்டும். காபிக்கும் இதே கதி. வழக்கமான நாலு டம்ளரையே குடித்துவிட்டுத் தூக்கம் வராமல், சிகரெட் ஏக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தேதி கழிந்த ஒரு வாரத்துக்குள் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்காத டாக்டர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். முதல் மூன்று நாள்தான் மிக மோசம். "ஒண்ணே ஒண்ணு பிடிச்சிட்டேன்" என்றால் திட்டாமல், எங்கே, யாரோடு என்று கேட்க வேண்டும். அநேகமாக டீக்கடையாக இருக்கும்.

அந்தக் கடைகள் மேல் எனக்குத் தீராத கோபம். புகையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணைச் சிகரெட் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று 2018-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். சில்லறையாக ஒன்று, இரண்டு வாங்குபவர் கண்ணில் அந்தப் பாக்கெட் படுவதே இல்லை. உங்கள் அப்பாவும் அப்படி வாங்குபவர் என்றால், அந்த எண்ணை அவர் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள்.