எந்த மரத்தை, முதலாளி?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்காக 20 நிமிடக் கொலை மர்ம நாடகம் எழுதியிருக்கிறோம். 'புதிய பறவை' வசனத்தை இன்னும் வீட்டுக்கு வீடு பேசுகிறார்கள். எங்கள் நாடகத்தில் ஒரு வரிகூட மனத்தில் நிற்கவில்லை. கடைசியில் இன்ஸ்பெக்டர் விளக்கம் சொல்லத் தொடங்கினால், ஒத்திகையிலேயே பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள். என்ன கோளாறு?

பதில்: அந்தப் படத்திலிருந்து வீட்டுக்கு வீடு பேசுவது எதை? பெரும்பாலும் 'கோபால்' என்ற ஒரே சொல்லைத்தான். சரோஜாதேவி இழுத்துச் சொன்னதைப் பலகுரல் கலைஞர்கள் இன்றும் விடவில்லை. அந்தச் சொல்லில் அணியும் இல்லை, அடுக்குமொழியும் இல்லை. கதாநாயகனின் பெயர், அவ்வளவுதான். அன்பாகக் கூப்பிட்டவளே துப்பறிய வந்தவள் என்று தெரிந்தபின், அதே கூப்பாடு வேறு மாதிரி கேட்கிறது.

1964-ல் வந்த அந்தப் படத்தை இயக்கியவர் தாதா மிராசி, வசனம் ஆரூர்தாஸ். கதை முழுவதும் ஒரே பதிலை நோக்கி நகர்கிறது. இறந்துபோன மனைவி சித்ரா என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். இவள் சித்ரா இல்லை என்கிறான் கோபால். எந்த ஆதாரத்தைக் காட்டினாலும் எடுபடவில்லை. கடைசியில் அவன் கையில் மிஞ்சுவது ஒன்றுதான்: தான் அடித்த அடியில்தான் சித்ரா செத்தாள் என்ற உண்மை. பொய்யை உடைக்க வேண்டுமானால் அவன் தன்னையே காட்டிக்கொடுத்தாக வேண்டும். அந்த இடத்தில் எவ்வளவு சாதாரணமாகப் பேசினாலும் வசனம் நிற்கும்.

ஆகவே பின்னாலிருந்து எழுதுங்கள். குற்றவாளியைச் சிக்கவைக்கும் ஒரு வரியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கான விதையை முதல் 5 நிமிடத்துக்குள் போடுங்கள். தோட்டத்து ஆட்களுக்குத் தெரிந்து, வெளியாளுக்குத் தெரியாத ஒன்று விதையாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. மாதிரிக்கு ஒன்று, ரப்பர் தோட்டத்தில் (அங்கே 'மரம் வெட்டுவது' என்றால் பால் எடுக்கப் பட்டையைக் கீறுவது): காலையில் ஸ்டோரில் கிராணி (தோட்டக் கணக்கர்) இறந்து கிடக்கிறார். தொடக்கத்தில் லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) அக்காள் ஒருத்தி புலம்புகிறாள்:

"ராத்திரி பூரா மழை. ஒரு துணி காயல. இந்த மனுசன் வேற, பெரட்டுக்குப் போன வேகத்துல திரும்பி வந்து காப்பி கேக்குறாரு."

கூட்டம் காப்பிக்குச் சிரிக்கும். விதையான மழை அதற்கு முன்பே விழுந்துவிட்டது. (பெரட்டு என்பது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் காலைக் கூட்டம்.) இந்த வரிசையை மாற்றாதீர்கள். சிரிப்புக்குப் பின்னால் வைத்த துப்பு யார் காதிலும் விழாது.

16-ஆவது நிமிட வாக்கில் டவுன் கடைக்காரர் விசாரிக்கப்படுகிறார்.

"எத்தன மணிக்கு வந்தீங்க?"

"ஆறரை இருக்கும் சார். சைக்கிள்ல வந்தேன்."

"வழியில யாரையும் பாக்கலையா?"

"எல்லாரும் மரம் வெட்டிக்கிட்டு இருந்தாங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு வந்துட்டேன்."

இங்கே இரண்டு விநாடி யாரும் பேசக்கூடாது. பிறகு ஓரத்தில் நிற்கும் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்), குரலை உயர்த்தாமல்:

"எந்த மரத்த, மொதலாளி?"

இதை இன்ஸ்பெக்டர் வாயில் கொடுத்தால் கெட்டது. டவுனிலிருந்து வந்தவருக்கு இது புரிய ஒரு நொடி தாமதமாக வேண்டும். கூட்டம் அவரை முந்திக்கொள்ளும் அந்த நொடிதான் உங்கள் நாடகம்.

ஒரு சிக்கல் உண்டு. செம்பனை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பால்மரம் (ரப்பர்) தெரியாது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டின கோட்டோடு ஓடாமல் பட்டையெங்கும் பரவி வழியும். மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணம்) விழுவதிலும் மழைத்தண்ணீர் கலந்துவிடும். அதனால்தான் பெரட்டிலேயே ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். அன்று யாரும் மரம் வெட்டவில்லை, கடைக்காரர் சொன்னது பொய். இதை விளக்கவுரையாகச் சொல்லாமல், ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு பேரனை விட்டுக் கேட்க வையுங்கள்: "நனஞ்ச மரத்த வெட்டுனா பால் வராதா தாத்தா?" "வரும். மங்குக்குத்தான் வராது." கடைக்காரர் இன்னும் வாயைத் திறக்காத நேரம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மேடையில் ஒரு கொடியில் ஈரச் சேலை கடைசிவரை தொங்கட்டும். அதைப் பற்றி யாரும் பேச வேண்டாம்.

அளவுகள்: 20 நிமிடத்துக்கு 1,500 சொற்கள் போதும், மேடையில் நடப்பதும் நிற்பதும் மீதி நேரத்தைத் தின்றுவிடும். சந்தேகப்படும் ஆட்கள் மூவர், அதற்குமேல் வேண்டாம். துப்பு வரி எட்டுச் சொல்லைத் தாண்டக்கூடாது. இன்ஸ்பெக்டரின் முடிவு விளக்கம் 60 சொற்களுக்குள் அடங்க வேண்டும். பிள்ளைகள் எழுந்து போவது, ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டதை அவர் மறுபடி சொல்வதால்தான்.

"சம்பவ தினத்தன்று தாங்கள் எங்கிருந்தீர்கள்" போன்ற வரிகள் இருந்தால் எல்லாவற்றையும் அடியுங்கள். நிரபராதிகள் "நான் கொல்லல!" என்று கத்துவதையும் சேர்த்துத்தான். உண்மையில் மாட்டிக்கொண்டவன் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வான். "தொந்தரவு பண்ண வேணாம்னு" என்று கடைக்காரர் தானாகச் சேர்த்துக்கொண்டது அப்படித்தான்.

மண்டபத்துக்குத் தகரக் கூரையா? அன்று மழை பிடித்தால் மண்டோரின் தாழ்ந்த குரல் மூன்றாவது வரிசைக்குக்கூடப் போகாது. மைக் ஒன்றே ஒன்று இருந்தால், அவர் நிற்கும் ஓரத்திலேயே அதை நிறுத்திவிட்டு, கடைக்காரரையும் இன்ஸ்பெக்டரையும் அதன் பக்கம் வரவழையுங்கள்.