கேப்டன் லட்சுமியை மக்கள் தோற்கடிக்கவில்லை

இந்தியக் குடியரசுத் தலைவரை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தானே தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள், அதில் மக்களுக்கு ஏதாவது பங்கு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். மலேசியாக்காரனுக்கு இந்திய அரசியலில் என்ன வேலை என்று சிலர் கிளம்புவார்கள். கொஞ்சம் பொறுங்கள், காரணம் இருக்கிறது.

முதலில் விதிமுறை. மக்களவை, மாநிலங்களவையில் தேர்தலில் ஜெயித்து வந்த உறுப்பினர்கள், மாநிலச் சட்டமன்றங்களில் அதேபோல வந்த எம்.எல்.ஏ.க்கள், இவர்களுக்குத்தான் ஓட்டு. டெல்லியும் புதுச்சேரியும் இதில் சேர்த்தி. நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டு கிடையாது.

இந்த ஓட்டுகள் எல்லாம் ஒரே எடை இல்லை என்பதுதான் விஷயமே. தமிழ்நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1971 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 4,11,99,168. அதை 234 எம்.எல்.ஏ.க்களால் வகுத்து, வந்ததை ஆயிரத்தால் வகுத்தால் 176. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவர் சீட்டைப் பெட்டியில் போட்டால் 176 ஓட்டு விழுந்ததாகக் கணக்கு. உத்தரப் பிரதேசத்தில் அது 208, சிக்கிமில் வெறும் 7. எல்லா மாநில எம்.எல்.ஏ.க்களின் மதிப்பையும் கூட்டி, எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு எம்.பி.யின் மதிப்பு வந்துவிடும். 2002இல் அது 708. 2022இல் ஜம்மு காஷ்மீருக்குச் சட்டமன்றம் இல்லாததால் 700 ஆகக் குறைந்தது. இன்னும் ஏன் 1971 கணக்கு என்றால், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்களுக்கு அதனாலேயே செல்வாக்கு குறையக் கூடாது என்று அப்படியே நிறுத்திவைத்திருக்கிறார்கள். சரியான ஏற்பாடு என்றுதான் நான் சொல்வேன்.

இனி என் கதை. 2002இல் அப்துல் கலாமை எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? லட்சுமி சாகல். எங்களுக்கு அவர் கேப்டன் லட்சுமி. 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படைக்குத் தலைவி. அது இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் படை. அந்தப் படையில் சேர்ந்த பெண்களில் ஏராளமானோர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள். எங்கள் சின்னப் பாட்டியும் அதில் ஒருவர். கெடா பக்கம் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர், வீட்டில் அழுது அடம்பிடித்துப் போனாராம். அந்தப் படையின் துணைத் தளபதியாக இருந்த கோலாலம்பூர் ஜானகி ஆதி நாகப்பனுக்கு 2000இல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள்.

தேர்தல் முடிவு வந்த சமயம் நான் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்த பெரியவர் சத்தமாகச் சொன்னார்: “கேப்டன் கேப்டன்னு குதிச்சீங்களே, ஒன்பது லட்சம் பேரு கலாமுக்குப் போட்டிருக்கான். மக்களே அந்தம்மாவை வேணாம்னுட்டாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. “அண்ணே, இதுல மக்கள் யாரும் ஓட்டே போடலை. மொத்தமே அஞ்சாயிரம் பேருகூட கிடையாது” என்றேன். அவர் நம்பவில்லை. பத்திரிகை ஓரத்திலேயே 708, 176 என்று எழுதிக் காட்டினேன். மேற்கு வங்கத்தில் இடதுசாரி எம்.எல்.ஏ. ஒருவர் போட்டால் 151 ஏறும், அப்படி ஏறிய எண்ணண்ணே இது என்றேன். கடைக்காரர் கத்திரியை நிறுத்திவிட்டு, “அப்ப யார் ஜெயிப்பான்னு முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டார். பாருங்கள், ஒரே கேள்வியில் விஷயத்தைப் பிடித்துவிட்டார். தெரியும். பா.ஜ.க. கூட்டணி கலாமை அறிவித்தது, காங்கிரஸ் ஆதரித்தது, தி.மு.க.வும் அ.தி.மு.க.வும்கூட அவர் பக்கம். எதிரே இடதுசாரிகள் மட்டும். மனுத் தாக்கல் அன்றே முடிந்துபோன கணக்கு அது.

கலாமை நான் குறைசொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். அவர் மேல் எனக்கும் மரியாதை உண்டு. யாரையும் மக்கள் ஒதுக்கவில்லை என்பது மட்டும்தான் என் வாதம்.

சின்னப் பாட்டியிடம் போய்ச் சொன்னபோது அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. “அந்தம்மா ஜெயிக்கவாடா நின்னாங்க? நிக்கச் சொன்னாங்க, நின்னாங்க. அப்பவும் அப்படித்தான்” என்றார்.

இதோடு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சின்னப் பாட்டி சீருடையில் நிற்கும் ஒரே ஒரு படம் எங்களிடம் இருந்தது. ஆண்டு மலரில் போடுகிறோம் என்று ஒரு சங்கத்துக்காரர் வாங்கிப்போனார். மலர் வந்தது, மேடையில் பெரிய மனிதர்களுக்குப் பொன்னாடை போட்டார்கள், படம் திரும்பி வரவில்லை. கேட்டால் முன்னாள் செயலாளரிடம் இருக்கிறது என்றார்கள். அந்த முன்னாள் செயலாளரைக் கேட்டால் இந்நாள் செயலாளரைக் கை காட்டினார். எங்கள் சங்கங்களின் லட்சணம் இது. வீட்டில் பழைய படம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து நகல் மட்டும் கொடுங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்துவிடும் என்றாலும் ஓட்டு ரகசியம், இன்னாருக்குத்தான் போட வேண்டும் என்று கட்சிக் கொறடா உத்தரவு போட முடியாது. வேட்பாளர்களுக்கு 1, 2 என்று விருப்ப வரிசை போடலாம். 1969இல் இந்திரா காந்தி மனசாட்சிப்படி ஓட்டுப் போடச் சொன்னார். அவருடைய கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி தோற்று, சுயேச்சையாக நின்ற வி.வி. கிரி ஜெயித்தார். முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வராததால் இரண்டாம் விருப்ப ஓட்டுகளை எண்ணித்தான் முடிவே தெரிந்தது. 2017 முதல் தேர்தல் ஆணையம் கொடுக்கும் ஊதா மைப் பேனாவால் மட்டும்தான் எழுத வேண்டும், சொந்தப் பேனாவை எடுத்தால் ஓட்டு செல்லாது.

எங்கள் நாட்டிலும் மறைமுகம்தான். ஒன்பது மலாய் ஆட்சியாளர்கள் கூடி ரகசிய ஓட்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாமன்னரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கேயும் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பேனா, ஒரே மை. முடிந்ததும் சீட்டுகளை அழித்துவிடுவார்கள். பினாங்குக்கு சுல்தான் கிடையாது, ஆளுநர்தான், அவருக்கு இதில் ஓட்டு இல்லை. அதனால் மறைமுகத் தேர்தல் என்றால் என்னவென்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் என்ன என்பீர்கள். நாடு முழுக்க ஓட்டு வாங்கி வந்தவர் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டு சும்மா இருப்பாரா? பிரதமரோடு மோதுவார். அதிகாரம் அமைச்சரவையிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ததால்தான் நேரு காலத்திலேயே இந்த வழியைப் பிடித்தார்கள். உங்கள் பங்கு எங்கே என்றால், எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் நீங்கள் போடும் ஓட்டில். தேர்வில் கேட்டால் 176 கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு, கொறடா உத்தரவு செல்லாது என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.