வயிறு உப்பினால் பழி சப்பாத்திக்கா?

உணவும் உடலும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து தரும் பதில்கள்

ராத்திரி மூன்று சப்பாத்தி சாப்பிட்டால் விடியும்வரை வயிறு கல்லாகக் கிடக்கும், மறுநாள் தலைபாரம், அசதி. மூன்று மாதமாகக் கோதுமையைத் தொடவில்லை, நன்றாக இருக்கிறேன். போன வாரம் டிடிஜி ரத்தப் பரிசோதனை எடுத்ததில் சீலியாக் இல்லை என்று வந்தது. அப்படியானால் எனக்கு என்னதான்?
(வாசகி, கோத்தகிரி)

அந்த ரிப்போர்ட்டை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். சீலியாக் நோயில், கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்பாற்றல் தன் சிறுகுடலையே தாக்கும். அப்போது உண்டாகும் எதிர்ப்பொருளைத்தான் டிடிஜி-ஐஜிஏ பரிசோதனை அளக்கிறது. கோதுமையை நிறுத்தினால் அதுவும் படிப்படியாக இறங்கிவிடும். மூன்று மாதம் கழித்து வந்த "நார்மல்" எதையும் நிரூபிக்காது.

மருத்துவரிடம் சொல்லிவிட்டு, தினம் இரண்டு சப்பாத்தி வீதம் 6 முதல் 8 வாரம் சாப்பிட்டபின் மறுபடி எடுங்கள். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்றால் அதில் ஏறக்குறைய இரண்டரை கிராம் குளூட்டன் இருக்கும். கூடவே மொத்த ஐஜிஏ (டிடிஜி பரிசோதனை அளக்கிற எதிர்ப்பொருளின் வகை) அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறவியிலேயே ஐஜிஏ குறைந்தவருக்கு, நோய் இருந்தாலும் டிடிஜி நார்மலாகவே காட்டக்கூடும். அத்தனை வாரம் கோதுமை தாங்காது என்றால் ஹெச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணுப் பரிசோதனை உண்டு; அதற்குக் கோதுமை சாப்பிட வேண்டியதில்லை. இரண்டும் இல்லையென்றால் சீலியாக் அநேகமாக இல்லை. இருந்தால் நோய் என்று பொருளல்ல, ஆரோக்கியமாக இருக்கும் பலருக்கும் அவை உண்டு.

சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தடிப்பு, உதட்டு வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் அது கோதுமை அலர்ஜி. அப்படிப்பட்டவர்கள் வீட்டில் எந்தச் சோதனையும் செய்யக் கூடாது. எடை குறைவது, மலத்தில் ரத்தம், தீராத ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் பேதி இவை இருந்தாலும் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

சீலியாக்கும் இல்லை, அலர்ஜியும் இல்லை, ஆனாலும் கோதுமை படுத்துகிறது என்றால் அதற்குத்தான் சீலியாக் அல்லாத குளூட்டன் ஒத்துக்கொள்ளாமை என்று பெயர். இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. நூறு உணவுக்கு ஐஜிஜி (இன்னொரு வகை எதிர்ப்பொருள்) பார்த்துத் தருகிறோம் என்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

எண்டோஸ்கோபி, பயாப்ஸி வரை பார்த்தாகிவிட்டது, சீலியாக் இல்லை. ஆனால் கோதுமையை விட்டால் வயிறு லேசாகிறது. குளூட்டன்தானே காரணம்?
(வாசகர், குன்னூர்)

கோதுமை காரணமாக இருக்கலாம். குளூட்டன்தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கோதுமையில் ஃபிரக்டான் என்ற கார்போஹைட்ரேட்டும் இருக்கிறது. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகளால் நொதித்து வாயுவாகும். 2018இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், தாங்களாகவே குளூட்டனை விட்டிருந்த 59 பேருக்குக் குளூட்டன், ஃபிரக்டான், இரண்டும் இல்லாதது என மூன்று வகைத் தின்பண்டத்தை எது எதுவென்று சொல்லாமல் வாரக்கணக்கில் கொடுத்தார்கள். அதிகத் தொல்லை ஃபிரக்டானில் என்றவர்கள் 24 பேர், எதுவும் சேர்க்காததில் என்றவர்கள் 22 பேர், குளூட்டனில் என்றவர்கள் 13 பேர்தான். அந்த 22 பேரும் பொய் சொல்லவில்லை. பயந்து சாப்பிட்டாலும் வயிறு நிஜமாகவே உப்பும்.

எடைக்கு எடை பார்த்தால் பூண்டில் ஃபிரக்டான் கோதுமை மாவைவிடப் பல மடங்கு. நம் மலைப்பூண்டும் விலக்கல்ல. சப்பாத்தியோடு நீங்கள் தொட்டுக்கொள்ளும் பூண்டு, வெங்காயம் போட்ட குருமாவை யாரும் சந்தேகப்படுவதில்லை! அவரைக்கொட்டை, பச்சைப்பட்டாணி, டபுள் பீன்ஸ் ஆகியவற்றிலும் இதேபோல வாயு உண்டாக்கும் சர்க்கரை உண்டு. பேரிக்காயிலும் பிளம்ஸிலும் அதேபோன்ற சார்பிட்டால். வர்க்கியை (மைதாவில் செய்கிற ஊட்டி பிஸ்கட்) தோய்க்கிற பால் டீயில் பாலின் சர்க்கரையான லாக்டோஸ்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி. ஆறு வாரம் கோதுமை, மைதா, ரவை, பார்லி, மேலே சொன்ன பயறு, பழங்கள், பூண்டு, வெங்காயம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சோறு, ராகிக் களி, சாமை, உருளை, கேரட், பீன்ஸ், முட்டை, மீன் தாராளமாகச் சாப்பிடலாம். வாசனைக்கு எண்ணெயில் பூண்டை வதக்கி எடுத்து எறிந்துவிடுங்கள். ஃபிரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. (கொதிக்கிற ரசத்தில் போட்டு எடுத்தால் பலனில்லை.) வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியும் ஆகும். தினமும் உப்புசம், வலி, அசதிக்குப் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் எழுதி வாருங்கள். மூன்றில் ஒரு பங்காவது குறையாவிட்டால் இந்தப் பாதையை விட்டுவிட்டு வேறு காரணம் தேட வேண்டும்.

குறைந்தால், ஏழு நாள் தினம் 3 பல் பூண்டும் 5 சின்ன வெங்காயமும் மட்டும் சேருங்கள். பிறகு வயிறு அடங்க ஒரு வாரம். அடுத்த ஏழு நாள் குளூட்டன் மட்டும். அதற்கு, 100 கிராம் மைதாவை 60 மில்லி தண்ணீரில் இறுக்கமாகப் பிசைந்து அரை மணி ஊறவிட்டு, பாத்திரத்துத் தண்ணீருக்குள் வைத்து மெல்லப் பிசையுங்கள். ஐந்தாறு முறை தண்ணீர் மாற்றினால் மாவுப்பாலோடு ஃபிரக்டானில் பெரும்பகுதியும் கழுவிப்போய், ரப்பர்போல 30 கிராம் அளவில் ஒரு கட்டி மிஞ்சும். உலர் எடையில் அது ஏறக்குறைய 10 கிராம் குளூட்டன், ஒரு நாளுக்குப் போதும். ஊறவிடாமல் அவசரப்பட்டுக் கழுவினால் கட்டி சேராமல் கரைந்து ஓடிவிடும். இட்லித் தட்டில் வேகவைத்துப் பொடியாக நறுக்கிப் பொரியலில் கலக்கலாம். முதல் வாரம் மட்டும் தொல்லை என்றால் உங்கள் எதிரி ஃபிரக்டான். வர்க்கியைவிட மலைப்பூண்டைத்தான் நீங்கள் குறைக்க வேண்டும்.

சம்பா கோதுமை ஒத்துக்கொள்ளும் என்கிறார்களே?
(வாசகி, கொடைக்கானல்)

அதிலும் குளூட்டன் உண்டு. சீலியாக் இருப்பவர் தொடவே கூடாது. மற்றவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளலாம், ஒரு கிண்ணத்தில் தொடங்கிப் பாருங்கள்.

குளூட்டனை விட்டுவிட்டேன், ஆனாலும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. தனி பாத்திரம் வைக்க வேண்டுமா?
(வாசகர், உதகை)

தனி பாத்திரமும் தனி மாவு மில்லும் சீலியாக் நோயாளிக்கும் கோதுமை அலர்ஜி உள்ளவருக்கும்தான். அந்த இரண்டும் உங்களுக்கு இல்லையென்றால் அளவுதான் முக்கியம். கோதுமை அரைத்த மில்லில் ராகி அரைப்பதால் ஒட்டுகிற மாவு பெரும்பாலும் படுத்தாது. ராகி பிஸ்கட்டில் பாதிக்கு மேல் மைதா இருக்கலாம், ராகி சேமியாவிலும் கோதுமை கலப்பதுண்டு, லேபிளைப் படியுங்கள். ரவா தோசையில் ரவையோடு மைதாவும் சேரும். மால்ட் பானங்களில் பார்லி. சமையலறையில் யாரும் நினைக்காத இடம் பெருங்காய டப்பா: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலப்பது வழக்கம். அரிசி மாவு கலந்தது என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.