அமிலத்தில் கரையும் ருத்தேனியம் ஆக்சைடு: எதை மாற்றுவது, எதை முதலில் அளப்பது?

கேள்வி: நீரைப் பிரித்து ஆக்சிஜன் எடுக்க, மாங்கனீசு கலந்த ருத்தேனியம் டைஆக்சைடு தயாரித்தேன், 350 டிகிரி செல்சியஸில் சுட்டது. கார்பன் பேப்பரில் பூசி, 0.5 மோலார் கந்தக அமிலத்தில் சதுர செ.மீ.க்கு 10 மில்லிஆம்பியர் செலுத்தினால் தொடக்கத்தில் 1.45 வோல்ட் காட்டுகிறது. ஆறு மணி நேரத்தில் 1.75ஐத் தாண்டிவிடுகிறது. வேறு எந்த உலோகத்தைச் சேர்த்தால் நிலைக்கும்?

பதில்: உலோகத்தை மாற்றும் முன் தாங்கியை, அதாவது பூச்சைத் தாங்கும் கார்பன் பேப்பரை மாற்றுங்கள். வெப்ப இயக்கவியல்படி கார்பன் 0.21 வோல்ட்டிலிருந்தே ஆக்சிஜனேற்றம் அடையக்கூடியது. வேகம் குறைவு என்பதால்தான் பிழைக்கிறது. 1.5 வோல்ட்டைத் தாண்டினால் நார் அரிபட்டு, பூச்சு பிடிமானம் இழக்கும். வினையூக்கி நன்றாக இருந்தாலும் மின்னழுத்தம் ஏறும்.

இதைக் கண்டுபிடிக்க, சோதனைக்கு முன்னும் பின்னும் மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) அளந்து பாருங்கள். ஒரு சதுர செ.மீ. மின்முனையில் தொடர்மின்தடை 5 ஓமிலிருந்து 25 ஓமுக்கு ஏறியிருந்தால், அது மட்டுமே 0.2 வோல்ட் கூட்டிவிடும். அடுத்த சந்தேகம் குமிழி. மின்னோட்டத்தை நிறுத்தி, அமிலத்தைக் கலக்கியபடி அரை மணி நேரம் ஆர்கான் செலுத்தி, மறுபடி ஓட்டுங்கள். 1.45க்குத் திரும்பினால், துளைகளில் அடைந்த நுண்குமிழிகளே காரணம். ஒப்பீட்டு மின்முனையாக (மின்னழுத்தத்தை எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அது) வெள்ளி-வெள்ளி குளோரைடு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்: கசியும் குளோரைடு தானும் ஆக்சிஜனேற்றமாகிப் பொய் மின்னோட்டம் தரும், உலோகம் கரைவதையும் தூண்டும். பாதரசம்-மெர்க்குரஸ் சல்பேட் போதும். நிறைவுற்ற பொட்டாசியம் சல்பேட் நிரப்பியதென்றால், உங்கள் அமிலத்தில் அளவீட்டுடன் சுமார் 0.66 வோல்ட் கூட்டினால் ஆர்.எச்.இ. (அதே அமிலத்தில் வைத்த ஹைட்ரஜன் மின்முனை) அளவுகோலில் மதிப்பு வரும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஏறினால், கரைவதை எண்ணிப் பார்க்க வேண்டும். 0, 1, 3, 6 மணிகளில் அமில மாதிரி எடுத்து ஐ.சி.பி.-எம்.எஸ்.-க்கு (கரைந்த உலோகத்தை நுண்ணளவில் அளக்கும் நிறமாலைக் கருவி) அனுப்புங்கள். உங்கள் நிபந்தனையில் ஒரு சதுர செ.மீ. மின்முனை ஆறு மணியில் 216 கூலோம் கடத்துகிறது. அது முழுதும் ஆக்சிஜனானால் 560 மைக்ரோமோல். 0.2 மி.கி. ருத்தேனியம் டைஆக்சைடு பூசியிருந்தால், அதில் இருப்பது 1.5 மைக்ரோமோல் உலோகம். 50 மி.லி. அமிலத்தில் 0.3 பி.பி.எம். ருத்தேனியம் தென்பட்டால், பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். கரைந்த ஓர் அணுவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 3,800 ஆக்சிஜன் மூலக்கூறுகள். தொழிற்சாலை மின்முனை என்று பேச இது மிகக் குறைவு. ருத்தேனியம் டெட்ராக்சைடு ஆவியாகக்கூடியது என்பதால் உண்மை இழப்பு இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். அது நச்சும்கூட, ஃபியூம் ஹூடுக்கு (நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு) வெளியே ஓட்டாதீர்கள்.

மாங்கனீசின் கணக்கைத் தனியே பாருங்கள். முதல் மணியில் கசிந்து நின்றுவிட்டால், மேற்பரப்பில் இருந்த உபரிதான். ருத்தேனியத்தோடு சேர்ந்தே தொடர்ந்து கசிந்தால் படிகமே சிதைகிறது. எனக்குப் படும் ஐயம் இந்த இரண்டாவதுதான். மாங்கனீசின் மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலை (Mn³⁺) அமிலத்தில் தன்னையே ஆக்சிஜனேற்றி ஒடுக்கி, கரையும் இரண்டாம் நிலையாகும், மின்னழுத்தம் 1.7 வோல்ட்டைத் தாண்டினால் பெர்மாங்கனேட்டாகவும் போகும். அமிலத்தில் இளஞ்சிவப்பு தெரிந்தால் அதுதான்.

ஆகவே தாங்கும் கட்டமைப்புக்கு டைட்டானியம், டாண்டலம், வெள்ளீயம், நயோபியம், ஆன்டிமனி ஆகியவற்றின் ஆக்சைடுகளைத் தேடுங்கள். இவை இந்த அமிலத்தில் கரைவதில்லை, ஆனால் மின்கடத்தலைக் குறைக்கும். குளோர்-ஆல்கலி தொழிலில் (உப்புநீரை மின்னாற்பகுத்து குளோரினும் காரமும் எடுப்பது) பெயர்பெற்ற ருத்தேனியம்-டைட்டானியம் பூச்சில் ருத்தேனியம் மோல் கணக்கில் 30 விழுக்காடு அளவில் இருக்கும். ஆக்சிஜன் வெளிவரும் அமிலச் சூழலில் அந்தப் பூச்சு சீக்கிரம் தேயும் என்பதால்தான் இரிடியம்-டாண்டலம் 70:30 பூச்சு வந்தது. இரிடியம் விலை தாளாது என்றால் ருத்தேனியப் பூச்சில் சிறு பங்கு இரிடியம் கலந்தாலே கரைவு குறையும்.

சுடும் வெப்பநிலையும் கோளாறுதான். 350 டிகிரியில் நீரேறிய, ஒழுங்கற்ற ஆக்சைடு மிச்சமிருக்கும். வேகம் தரும், ஆனால் விரைவில் கரையும். 450–500 டிகிரியில், காற்றில், ஒரு மணி நேரம் சுடுங்கள். படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் சிதறல் சோதனையான எக்ஸ்.ஆர்.டி.யில் (செம்புக் கதிர்) 28, 35, 54 டிகிரி அருகே கூர்முகடுகள் வர வேண்டும்; 44 அருகே முகடு தெரிந்தால் ஆக்சிஜனேற்றமாகாத உலோக ருத்தேனியம் இருக்கிறது.

பூச்சுக்கு டைட்டானியத் தகடோ ஃபெல்ட்டோ (நாரால் ஆன நுண்துளை விரிப்பு) எடுத்து, 10 விழுக்காடு ஆக்சாலிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குங்கள். உலோக உப்பை ஐசோபுரோப்பனாலில் கரைத்து மெல்லியதாகத் தடவி, 80 டிகிரியில் உலர்த்தி, 450 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். எட்டுப் பத்து முறை இப்படியே செய்து, கடைசியில் ஒரு மணி நேரம் சுடுங்கள். ஒரேயடியாகத் தடிமனாகத் தடவினால் விரிசல் விழும். விரிசல் வழியே அமிலம் புகுந்து டைட்டானியத்தின் மேல் கடத்தாத படலம் வளர்ந்தால், மின்னழுத்தம் திடீரென எகிறும். ருத்தேனியம் அதில் குற்றவாளி அல்ல.

சுழற்சி வோல்டாமெட்ரியில் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சோதனை) 1.0 வோல்ட்டுக்குக் கீழே போகாதீர்கள். ஹைட்ரஜன் பக்கம் வரை இழுத்தால் மேற்பரப்பு ஒடுங்கி, அடுத்த ஏற்றத்தில் சுலபமாகக் கரையும் வடிவில் திரும்பி வரும்.