வெளியுறவில் மனித உரிமைப் பிரச்சினையை எழுப்புவது என்றால் என்ன?

இன்னொரு நாடு தன் மக்களை நடத்தும் விதம் குறித்து, ஓர் அரசு தூதர்கள் வழியாகவோ ஒப்பந்தப் பேச்சிலோ ஐ.நா.விலோ கேள்வி எழுப்புவதுதான் இது. சும்மா சொன்னால் யாரும் கேட்பதில்லை. கைமாற்று கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "முதலில் வீட்டில் அடிதடியை நிறுத்துங்கள்" என்றால் காதில் விழும். அதனால்தான் இதை வணிகத்தோடு முடிச்சுப் போடுகிறார்கள்.

1972இல் சோவியத் அரசு, நாட்டைவிட்டு வெளியேற விரும்பிய படித்தவர்களிடம் படிப்புச் செலவைத் திருப்பிக் கேட்டது. பட்டம் உயர உயரத் தொகையும் உயர்ந்தது. பெரிதும் அடிபட்டவர்கள் யூதர்கள். வெளியேற விடாத கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு வணிகச் சலுகை இல்லை என்ற ஜாக்சன்–வானிக் திருத்தத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 1974இல் நிறைவேற்றியது. மாஸ்கோ முறுக்கிக்கொண்டு, 1975 ஜனவரியில் அமெரிக்காவுடனான வணிக ஒப்பந்தத்தையே உதறியது. வெளியேறுவோர் எண்ணிக்கையும் சரிந்தது. சத்தமில்லாமல் பேசியிருந்தாலே பலன் கிடைத்திருக்கும் என்பது அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிசிஞ்சரின் வாதம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது: அந்தக் கட்டணத்தை மாஸ்கோ 1973இல் நிறுத்தியதே இப்படியொரு திருத்தம் வரும் என்ற மிரட்டல் கிளம்பிய பிறகுதான்.

மனித உரிமை பேசினால் உறவு முறிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதே 1975 அக்டோபரில் இரு நாடுகளும் ஐந்தாண்டு தானிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.