ஆறு வாரக் கோடை வகுப்பும் அழியாத கிரேடும்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் கோடை வகுப்பு எடுக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோர்களும் கிரேடு பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பல கோடைகளில் ஆசிரியராகப் புள்ளியியல் வகுப்பு நடத்தியிருக்கிறேன், எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம் இது. விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், எங்கே மாறும் என்பதையும் ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: கோடை கோர்ஸுக்குத் தனி ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) உண்டா? கோடையில் கிரேடு தாராளமாகப் போடுவார்கள் என்று சீனியர்கள் சொல்வது உண்மையா? (முதல் வருடம் முடித்த மாணவர்)

உங்கள் சொந்தக் கல்லூரியிலேயே எடுத்தால் தனிக் கணக்கு கிடையாது தம்பி, மொத்த ஜிபிஏவில்தான் போய்ச் சேரும். ஏ என்றால் 4, பி என்றால் 3, சி 2, டி 1, எஃப் பூஜ்யம். ஒவ்வொன்றையும் அந்தக் கோர்ஸின் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுப்பார்கள். நீங்கள் இதுவரை 30 கிரெடிட் முடித்து ஜிபிஏ 3.0 வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், அதாவது கையில் 90 புள்ளி. கோடையில் 3 கிரெடிட் கோர்ஸ் ஒன்றில் ஏ வாங்கினால் 102-ஐ 33-ஆல் வகுக்க வேண்டும், 3.09 வரும். அதே கோர்ஸில் எஃப் வந்தால் 90-ஐ 33-ஆல் வகுத்து 2.73. ஏறினால் கொஞ்சம்தான் ஏறுகிறது, இறங்கினால் மூன்று மடங்கு இறங்குகிறது, கவனித்தீர்களா? ஜிபிஏவை ஏற்றத்தான் கோடை வகுப்பு எடுக்கிறேன் என்று சொல்கிறவர்களிடம் முதலில் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன்.

தாராளம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரம் படிப்பு, இப்படிச் சுமார் 15 வாரம். அங்குள்ள மத்திய அரசின் வரையறையே இதுதான். 3 கிரெடிட் என்றால் 135 மணி நேரம். கோடையில் அது ஆறு வாரத்துக்குள் அடங்க வேண்டும், அப்படியானால் வாரத்துக்கு இருபத்திரண்டரை மணி நேரம், ஐந்து வாரக் கோர்ஸ் என்றால் 27. கோடையில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டால் சாதாரண செமஸ்டரில் இரண்டரை வாரம் போனதற்குச் சமம். பல கல்லூரிகளில் பரீட்சைக்கென்று தனி வாரமும் கிடையாது, கடைசி வகுப்பு நாளிலேயே ஃபைனல் வைத்துவிடுவார்கள். வகுப்பில் ஆள் குறைவு, ஆசிரியரை எளிதாகப் பிடிக்கலாம், அது நல்லதுதான். ஆனால் அதைத் தாராளம் என்று எடுத்துக்கொண்டு போய் உட்காராதீர்கள்.

கேள்வி: ஆறு வாரப் பொருளாதாரக் கோர்ஸில் இப்போது நான்காவது வாரம். வீட்டுப்பாடத்தில் சராசரி 90, குவிஸில் 80, இரண்டு இடைத்தேர்வுகளில் 62-ம் 70-ம். பி கிடைக்குமா? இல்லையென்றால் பாஸ்/ஃபெயிலுக்கு மாறிவிடலாமா? (மாணவி)

நீங்கள் அனுப்பிய சிலபஸில் எல்லாம் இருக்கிறது: வீட்டுப்பாடம் 20 சதவீதம், குவிஸ் 10, இடைத்தேர்வு ஒவ்வொன்றும் 20, ஃபைனல் 30. உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். வீட்டுப்பாடத்தில் 18, குவிஸில் 8, இடைத்தேர்வுகளில் 12.4-ம் 14-ம். ஆகமொத்தம் 70-க்கு 52.4. பி-க்கு 80 வேண்டும் என்று சிலபஸ் சொல்கிறது, மிச்சம் 27.6 வேண்டும், அது ஃபைனலில் 92 மதிப்பெண். சி-க்கு 70 போதும், ஃபைனலில் 59 வாங்கினாலே வந்துவிடும். இதுவரை வந்த இடைத்தேர்வு மதிப்பெண்களை வைத்துப் பார்த்தால் 92 கஷ்டம், ஆனால் சி உங்கள் கைக்குள்ளே இருக்கிறது, பயப்படாதீர்கள். (இப்படி ஒரு கணக்கை மாணவர்கள் இரண்டாவது வாரமே போட்டுப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.)

இப்போது பாஸ்/ஃபெயில். பாஸ் என்று வந்தால் கிரெடிட் கிடைக்கும், ஜிபிஏவில் எதுவும் சேராது. ஆனால் ஃபெயில் ஆனால் பல கல்லூரிகளில் அது சாதாரண எஃப் போலவே ஜிபிஏவைத் தாக்கும், இது நிறையப் பேருக்குத் தெரியாது. பாஸ் என்றால் எவ்வளவு என்பதும் இடத்துக்கு இடம் வேறு: டி வாங்கினாலே பாஸ் என்று வைக்கிற கல்லூரியும் உண்டு, சி மைனஸாவது வேண்டும் என்கிற கல்லூரியும் உண்டு. பொருளாதாரம் உங்கள் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், என்றால் பெரும்பாலும் அனுமதிக்கவே மாட்டார்கள். இன்னொன்று, மாறுவதற்குக் கெடு உண்டு, வழக்கமான செமஸ்டரில் பாதி வரை விடுகிற கல்லூரிகூட கோடையில் இரண்டாவது, மூன்றாவது வாரத்தோடு கதவை மூடிவிடலாம். ரிஜிஸ்ட்ரார் வெளியிட்ட கோடைக் காலண்டரை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், வசந்த செமஸ்டர் காலண்டரை அல்ல. இன்னும் கதவு திறந்திருந்து, மேஜரும் அது இல்லை என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, மாறுங்கள். ஆனால் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிற எண்ணம் இருந்தால், அங்கே கேட்கிற பாடங்களுக்கு எழுத்துக் கிரேடுதான் வேண்டும் என்பார்கள், அப்போது சி-யே மேல்.

கேள்வி: என் மகள் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் டி வாங்கிவிட்டாள். கோடையில் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரி) அதே பாடத்தை மறுபடி எடுத்து ஏ வாங்கினால் டி போய்விடும் அல்லவா? அவளுக்கு மருத்துவம் படிக்க ஆசை. (ஒரு தந்தை)

போகாது ஐயா. இதைச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை, ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது. வெளிக் கல்லூரியில் எடுத்த கோர்ஸ் மாற்றலாகி வரும்போது பெரும்பாலும் கிரெடிட் மட்டும்தான் வரும், கிரேடு வராது. அங்கே ஏ வாங்கினாலும் இங்கே ஜிபிஏவில் அந்த டி அப்படியே உட்கார்ந்திருக்கும். டி-க்கு ஏற்கெனவே கிரெடிட் கொடுத்துவிட்ட கல்லூரி, அதே பாடத்துக்கு இரண்டாம் தடவை கிரெடிட்டும் தராது. அடுத்த வேதியியல் கோர்ஸில் சேர சி வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது, அதைத் தாண்டினால் போதும் என்றால் கம்யூனிட்டி காலேஜ் உதவும், அதுவும் அவளுடைய துறை முன்கூட்டியே எழுத்தில் சம்மதித்தால்.

சொந்தப் பல்கலைக்கழகத்திலேயே கோடையில் திரும்ப எடுப்பது வேறு கதை. சில இடங்களில் புது கிரேடு பழையதை ஜிபிஏவிலிருந்து நீக்கிவிடும். சில இடங்களில் இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். இத்தனை கோர்ஸ்தான் இப்படி மாற்றலாம் என்று வரம்பும் வைப்பார்கள். எந்த வழியானாலும் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கல்லூரியின் கிரேடுப் பதிவில், இரண்டு கிரேடும் தெரியும், பழையது அழியாது.

மருத்துவம் என்றீர்களே, அதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன். அங்கே அடிப்படை மருத்துவப் பட்டமான எம்.டி. படிப்புக்கான பொது விண்ணப்ப அமைப்பு ஆம்காஸ், மாணவர் படித்த எல்லாக் கல்லூரிகளின் கிரேடுகளையும் வாங்கித் தானே ஒரு ஜிபிஏ போடுகிறது, அதில் திரும்ப எடுத்த பாடத்தின் இரண்டு கிரேடும் சேரும். டி.ஓ. என்ற இன்னொரு வகை மருத்துவப் பட்டம் தரும் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளின் விண்ணப்பத்தில் முன்பு கடைசி கிரேடை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், 2017-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். அப்படியென்றால் கம்யூனிட்டி காலேஜ் ஏ அங்கே கணக்கில் வரும், கூடவே டி-யும் வரும். ஒரு டி-யால் எல்லாம் முடிந்துவிட்டது என்று மகளிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். என்னைக் கேட்டால் சொந்தப் பல்கலைக்கழகத்தில், அந்தக் கோடையில் வேறு எதுவும் வைத்துக்கொள்ளாமல், அந்த ஒரு பாடத்தை மட்டும் எடுக்கச் சொல்வேன்.

கேள்வி: பள்ளியில் படிக்கும் என் மகன், 16 வயது, கோடையில் ஒரு கல்லூரிக் கோர்ஸ் எடுக்கிறான். எப்படிப் படிக்கிறான் என்று கல்லூரிக்குப் போன் செய்தால் சொல்ல மறுக்கிறார்கள். பணம் கட்டுவது நான்தானே? (ஒரு தாய்)

உங்கள் ஆதங்கம் நியாயமானதுதான் அம்மா, ஆனால் அவர்கள் சட்டப்படிதான் நடக்கிறார்கள். ஃபெர்பா என்று 1974-இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. பிள்ளைக்கு 18 வயதானாலோ, எந்த வயதிலாவது கல்லூரியில் சேர்ந்தாலோ, அந்தக் கல்லூரிப் பதிவேட்டின் மீதான உரிமை பிள்ளைக்குப் போய்விடும். பையன் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் உங்களிடம் சொல்வார்கள். வருமான வரிக் கணக்கில் அவனை உங்களைச் சார்ந்தவனாகக் காட்டியிருந்தால் கல்லூரி சொல்லலாம் என்று சட்டம் இடம் தருகிறது, சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. பையனையே பக்கத்தில் உட்காரவைத்து அவனுடைய கணக்கில் நுழைந்து காட்டச் சொல்லுங்கள், அதுதான் சுலபம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 16 வயதில் வாங்கும் அந்தக் கிரேடு நிரந்தரமான கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் ஏறுகிறது. பின்னால் கல்லூரிக்கோ மருத்துவத்துக்கோ சட்டத்துக்கோ விண்ணப்பிக்கும்போது அதையும் காட்டியாக வேண்டும். அதனால் பையன் திணறுகிறான் என்று தெரிந்தால் கெடுவுக்குள் விலகிக்கொள்ளச் சொல்லுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

கேள்வி: டிராப், வித்ட்ரா இரண்டும் ஒன்றுதானே? எஃப்-1 மாணவர் விசாவில் முதுநிலை படிக்கிறேன், கோடைக் கோர்ஸ் ஒன்றை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். (மாணவர்)

ஒன்றில்லை. டிராப் என்றால் அந்தக் கோர்ஸ் டிரான்ஸ்கிரிப்டில் தடயமே இல்லாமல் போய்விடும், அதற்கான கெடு ஆறு வாரக் கோர்ஸில் முதல் சில நாட்கள்தான். அதற்கு அப்புறம் விலகினால் வித்ட்ரா, ‘டபிள்யூ’ என்று விழும், ஜிபிஏவைத் தொடாது, கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பாது. இரண்டும் செய்யாமல் வகுப்புக்குப் போவதை மட்டும் நிறுத்தினால் எஃப்.

விசா விஷயத்தில், கோடை உங்களுக்கு வழக்கமான விடுமுறை என்றால் முழு நேரம் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஒரு கோர்ஸை விடுவதால் பொதுவாகச் சிக்கல் வராது. ஆனால் உங்கள் படிப்பே இந்தக் கோடையில்தான் தொடங்குகிறது என்றால் முழு நேரம் படித்தே ஆக வேண்டும். எதுவானாலும் பட்டனை அழுத்துவதற்கு முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். முதுநிலையில் பொதுவாக ஜிபிஏ 3.0-க்குக் கீழே போகக் கூடாது என்பதால், சி வரும்போல் இருந்தால் டபிள்யூ தேவலை.

அமெரிக்க மத்திய அரசின் கல்விக் கடன் வாங்கிப் படிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. டபிள்யூ ஜிபிஏவைத் தொடாவிட்டாலும் ‘முயன்ற கிரெடிட்’ கணக்கில் ஏறும். 30 கிரெடிட் முயன்று 22 முடித்தவருக்கு விகிதம் 73 சதவீதம். கோடையில் 6 கிரெடிட் டபிள்யூ ஆனால் 36-க்கு 22, அதாவது 61. பல கல்லூரிகள் 67 கேட்கின்றன, அதற்குக் கீழே போனால் கடனுக்கே ஆபத்து.

கேள்வி: ஆறு வாரக் கோர்ஸ் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அப்பா தவறிவிட்டார், ஊருக்கு வந்துவிட்டேன். ‘இன்கம்ப்ளீட்’ கேட்கலாமா? (மாணவி)

கேளுங்கள் அம்மா, பாக்கி வேலையைப் பின்னால் முடிக்க அவகாசம் தருகிற அந்த ஏற்பாடே இந்த மாதிரி நேரத்துக்காகத்தான் இருக்கிறது. பெரும்பகுதி வேலையை முடித்து, இதுவரை பாஸ் நிலையில் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள், உங்களுக்கு நான்கு வாரம் முடிந்திருக்கிறது, பொருந்தும். ஆசிரியருக்கு நாலு வரி எழுதினால் போதும், நீளமாக விளக்க வேண்டாம், ஆனால் கோர்ஸின் கடைசி நாளுக்குள் அந்த மின்னஞ்சல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். என்னென்ன பாக்கி, எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அந்தத் தேதி தாண்டினால் ‘ஐ’ என்று இருந்தது தானாக எஃப் ஆகிவிடும். திரும்பிப் போய் முடிக்கத் தெம்பு இருக்காது என்று தோன்றினால் மாணவர் நல அலுவலகத்தில் அவசர காரணத்துக்கான வித்ட்ரா கேளுங்கள், அதற்குக் கெடு தாண்டினாலும் பல இடங்களில் அனுமதிப்பார்கள். அம்மாவுடன் இருங்கள், மின்னஞ்சலைத் தோழி ஒருத்தியைக்கூட எழுதிக் கொடுக்கச் சொல்லலாம்.

கேள்வி: 89.6 வாங்கினேன், ஆசிரியர் அதை 90 ஆக்காமல் பி பிளஸ் போட்டுவிட்டார். மேல்முறையீடு செய்யலாமா? (மாணவர்)

சிலபஸில் அரை மதிப்பெண்ணுக்கு மேல் இருந்தால் முழு எண்ணாக்குவேன் என்று எழுதியிருந்தால் செய்யலாம், வெல்வீர்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் அது ஆசிரியரின் விருப்பம், மேல்முறையீட்டில் நிற்காது. கூட்டலில் தவறு, எழுதிக் கொடுத்த விதியை மீறியது, பாரபட்சம், இந்த மாதிரிக் காரணங்களைத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். முதலில் எல்லா மதிப்பெண்ணையும் நீங்களே ஒரு தடவை கூட்டிப் பாருங்கள், ஒரு குவிஸ் பதிவாகாமல் விடுபட்டிருப்பதை நானே என் வகுப்பில் மாணவர் சொல்லித் திருத்தியிருக்கிறேன். எழுதுவதானால் இந்த வாரமே எழுதுங்கள், கோடைக்கு மட்டும் வந்த ஆசிரியர்கள் பலர் கிரேடு போட்டு முடித்ததும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.