பாலத்தை நேரத்துக்குள் எட்ட முடியுமா?

வாசகி ஒருவரின் கேள்வி: "வர்ஜீனியாவில் ஆஷ்பர்னில் இருக்கிறேன். வயது 46. மூன்று வருடமாக ஓடுகிறேன், ஆனால் மெதுவாகத்தான். அரை மாரத்தானை 2 மணி 35 நிமிடத்தில் முடித்தேன். அக்டோபரில் வாஷிங்டன் பக்கம் பொடோமேக் ஆற்றை ஒட்டி அமெரிக்க மரைன் படை நடத்தும் மரைன் கோர் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். 20-வது மைலில் இருக்கும் பாலத்துக்குக் குறித்த நேரத்தில் வராவிட்டால் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள் என்று சொல்கிறார்கள். அதை நினைத்தாலே தூக்கம் வரவில்லை. என்னால் முடியுமா?"

முடியும். இதைத் தைரியம் சொல்வதற்காகச் சொல்லவில்லை, கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

போட்டி நடத்துபவர்கள் கேட்பது மைலுக்கு 14 நிமிட வேகம். நம் கணக்கில் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 42 நொடி. நீங்கள் அரை மாரத்தான் ஓடியது கிலோமீட்டருக்கு 7:21. முழு மாரத்தானில் அதே வேகத்தைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. 8:15 என்று வைத்துக்கொள்ளுங்கள், 5 மணி 48 நிமிடத்தில் முடியும். 20-வது மைல் என்பது 32 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே போய்ச் சேரும்போது உங்கள் கையில் சுமார் 14 நிமிடம் மிச்சம் இருக்கும்.

இந்த 14 நிமிடம்தான் உங்கள் சொத்து. மெதுவாக ஓடுபவர்கள் பாலத்தைத் தவறவிடுவதற்கு ஓட்டத்தின் வேகத்தைவிட நின்ற நேரம்தான் பெரும்பாலும் காரணம் என்பது நான் பயிற்சி கொடுத்தவர்களிடம் பார்த்தது. கழிப்பறை வரிசையில் ஆறு நிமிடம். தண்ணீர் மேசைகளில் அரை நிமிடம் அரை நிமிடமாக ஒரு ஐந்து நிமிடம். ஷூ லேஸ், படம் எடுப்பது, தெரிந்தவரைப் பார்த்து நிற்பது. அப்புறம் கூட்டத்துக்குள் வளைந்து நெளிந்து ஓடினால் 42.2 கிலோமீட்டர் எளிதாக 42.8 ஆகிவிடும். அந்த 600 மீட்டருக்கே உங்களுக்கு ஐந்து நிமிடம் போய்விடும். ஆகவே வளைவுகளில் உள்பக்கமாக ஓடுங்கள். முதல் சில கிலோமீட்டரில் கழிப்பறை முன்னால் நீளமான வரிசை இருக்கும், தாங்க முடிந்தால் அதைத் தாண்டிப் போய்விடுங்கள். தண்ணீரை வாங்கிக்கொண்டு நடந்தபடியே குடியுங்கள்.

தொடக்கக் கோட்டில் ஒரு விஷயம். மெதுவாக ஓடுபவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு கடைசி வரிசையில் போய் நிற்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்களுக்கு ஒதுக்கிய பிரிவிலேயே முன்பக்கம், ஓரமாக நில்லுங்கள். பாதையை மூடிக்கொண்டு வருகிறவர்கள் கடைசி ஆளுக்குப் பின்னால்தான் வருவார்கள். நீங்கள் எவ்வளவு முன்னால் கோட்டைத் தாண்டுகிறீர்களோ, அவ்வளவு நிமிடம் இலவசமாகக் கிடைக்கும். யாருடைய இடத்தையும் நீங்கள் பறிக்கவில்லை. பரிசுப் பணமே இல்லாத ஓட்டம் இது. 1976-ல் தொடங்கியது, 'மக்களின் மாரத்தான்' என்றே பெயர் வாங்கியது. உங்களைப் போன்றவர்களுக்காகவே நடப்பது.

எப்படி ஓடுவது? முதல் நிமிடத்திலிருந்தே ஓட்டமும் நடையும் கலந்து போங்கள். களைத்த பிறகு நடப்பது வேறு, களைப்பதற்கு முன்பே நடப்பது வேறு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலவே இந்த முறையைத்தான் பல்லாயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். உங்களுக்கு நான் சொல்லும் அளவு: இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை. ஓட்டம் கிலோமீட்டருக்கு 7:20, நடை 11 நிமிடம். சராசரி சரியாக 8:15 வரும். ஆனால் 11 நிமிட நடை என்பது உலாத்தல் இல்லை, கையை வீசி விறுவிறுவென்று நடப்பது. இதைத் தனியாகப் பழக வேண்டும். வாரம் ஒருநாள் நாற்பது நிமிடம் இந்த நடை மட்டும் போங்கள். பலரும் ஓட்டத்தைப் பழகுவார்கள், நடையைப் பழகமாட்டார்கள்.

ஆற்றங்கரை ஓட்டம் என்றதும் முழுக்கச் சமதளம் என்று நினைத்துவிட வேண்டாம். பாதை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும், இந்த வருட வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஆர்லிங்டனில் முதல் சில மைல்களிலேயே மேடு ஏறவேண்டி இருக்கும். அங்கே சராசரியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், ஒரு நிமிடம் குறைந்தால் குறையட்டும். ஜார்ஜ்டவுன் தாண்டி ஆற்றோரம் வந்ததும் தரை சமமாகிவிடும், இழந்ததை அங்கே பதறாமல் எடுத்துக்கொள்ளலாம்.

சமதளத்துக்கும் ஒரு குணம் உண்டு. ஏற்ற இறக்கம் இல்லாததால் ஒரே தசைகள் ஓய்வில்லாமல் வேலை செய்யும். கெண்டைக்கால் இறுகிப்போகும். அங்கேயும் நடை இடைவேளைதான் காப்பாற்றும். வழியில் வரும் ஹெயின்ஸ் பாயின்ட் என்பது தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். ஒருபக்கம் பொடோமேக், மறுபக்கம் வாஷிங்டன் சேனல், காற்றுக்கு மறைப்பே கிடையாது. எதிர்க்காற்று வந்தால் உயரமான யாராவது ஒருவர் பின்னால் போய்விடுங்கள். அந்தப் பகுதியில்தான் போரில் இறந்த வீரர்களின் படங்களைப் பாதையோரம் வரிசையாக வைத்திருப்பார்கள். தொடர்ந்து குடும்பத்தினரும் தன்னார்வலர்களும் கொடிகளோடு நிற்பார்கள். பேச்சு சட்டென்று அடங்கிவிடும். தொண்டை அடைக்கும், மூச்சு ஒழுங்கு கெடும். அங்கே கொஞ்சம் நடக்கத் தோன்றினால் நடங்கள், அந்த அரை நிமிடத்தைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

பாலத்துக்கு முன்பும் ஒரு நேரக் கட்டுப்பாடு உண்டு. 8:15-ல் போகிறவருக்கு அது தொல்லை தராது. பாலத்தை எட்டிவிட்டால் பயம் போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஆனால் 14-வது தெருப் பாலம் நீளமான நெடுஞ்சாலை. நிழல் இல்லை, கைதட்ட ஆளும் இல்லை, கான்கிரீட்டும் வானமும்தான். அவ்வளவு நேரம் துரத்திய இலக்கு கைக்கு வந்ததும் மனம் தளர்ந்து, உடம்பும் கூடவே தளரும். ஆகவே பாலத்தில் சாப்பிடுவதற்கென்று ஒன்றைத் தனியாக எடுத்துவையுங்கள். பேரீச்சம்பழமோ கடலை மிட்டாயோ, பயிற்சியில் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது எதுவானாலும் சரி.

பயிற்சிக்கு உங்கள் ஊர் வாசலிலேயே 'டபிள்யூ அண்டு ஓ.டி.' (W&OD) என்ற நடை, ஓட்டப் பாதை இருக்கிறது. மாதம் இரண்டு முறை மட்டும் மவுன்ட் வெர்னன் பாதைக்குப் போங்கள். அதே ஆறு, அதே காற்று, அந்தப் பாலத்துக்கு அடியிலேயே போகும். நீண்ட ஓட்டத்தைத் தூரத்தால் அளக்காமல் நேரத்தால் அளந்து மூன்றரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள். ஒரே ஒரு முறை மட்டும் அந்த நேரத்தைத் தாண்டி 30 கிலோமீட்டர் போனால் போதும், அதையும் போட்டிக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிடுங்கள். சனி இரண்டரை மணி, ஞாயிறு ஒன்றரை மணி என்று அடுத்தடுத்த நாள் ஓடினால் களைத்த காலில் ஓடும் பழக்கம் வந்துவிடும், காயமும் குறையும். இதில் பயிற்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நான் இந்தப் பக்கம்தான்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். மெதுவாக ஓடுபவர்களுக்குத் தண்ணீர் குறைவதைப் போலவே தண்ணீர் மிகுவதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போதே எடை கூடியவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்கள் ஆகியோருக்கு அது அதிகம். ஆறு மணி நேரம் ஒவ்வொரு மேசையிலும் இரண்டு கோப்பை குடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தாகத்துக்குக் குடியுங்கள், அவ்வளவுதான். நீண்ட பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள். உப்பு பானம் குடித்தாலும் இதே விதிதான். தலைவலி, குமட்டல், குழப்பம், மோதிரம் இறுகுவது போன்றவை தெரிந்தால் மருத்துவக் கூடாரத்துக்குப் போங்கள். முட்டி வலிக்கிறதென்று ஓட்டத்தின் நடுவே ஐபுப்ரூஃபன் போடாதீர்கள், சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

உடை விஷயத்தில், விடியற்காலையில் குளிரும், நீங்கள் பாலத்துக்கு வரும்போது உச்சி வெயில் இருக்கலாம். தூக்கிப்போடத் தயங்காத பழைய ஸ்வெட்டர் ஒன்று, தொப்பி ஒன்று.

முடிவுக் கோட்டுக்கு முன்னால் மரைன் கோர் போர் நினைவுச்சின்னத்துக்கு ஏறும் குறுகிய செங்குத்து மேடு இருக்கிறது. அதை ஓடித்தான் ஏற வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மேலே இளம் மரைன் அதிகாரி ஒருவர் பதக்கத்தைக் கழுத்தில் போடுவார். அப்புறம் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். ராஸ்லின் மெட்ரோ நிலையம் பக்கத்தில்தான். அங்கே நகரும் படிக்கட்டு மிக நீளம், அந்தக் காலோடு அதில் நிற்காமல் லிஃப்ட்டைக் கேட்டுப் போங்கள். சில்வர் லைன் நேராக ஆஷ்பர்னுக்கே கொண்டுவந்து விட்டுவிடும், காரை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.